மிச்சப் பல்லையும் பிடுங்கிவிட்டு முழுச் செட் போடட்டுமா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விசயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 57. கோயில் திருவிழாக்களில் கச்சான் வறுத்து விற்பவர். "வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் கடை போடுவேன். சனம் கேட்டால் நல்ல வறுவல் என்று சொல்லித்தான் விற்கிறேன். ஆனால் ஒரு கொட்டையை நானே கடித்துப் பார்த்துப் பத்து வருசமாகுது" என்று எழுதுகிறார். 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தில் பல்வலி தொடங்கியிருக்கிறது. வலித்த பல்லையெல்லாம் பிடுங்கியிருக்கிறார்கள். அவரும் பிடுங்கச் சொல்லியிருக்கிறார். இப்போது மேலே மூன்று பல்தான். முன்பல் இரண்டும் ஆடுகின்றன, வலது வேட்டைப்பல் ஆடவில்லை. கீழே முன்பல் ஆறும் இருக்கின்றன. அவற்றில் நடுப் பல் இரண்டு இலேசாக அசைகின்றன. கொடுப்புப் பல் இரண்டு பக்கமும் ஒன்றுகூட இல்லை.

2013இல் மேலுக்கு நான்கு பல் வைத்த சிறிய செட் ஒன்று கட்டியிருக்கிறார். பல் பிடுங்கி இரண்டு கிழமையில் அளவெடுத்தார்களாம். ஒரு மாதத்தில் அது கழன்று விழத் தொடங்க, கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "எனக்குச் செட் ஒத்துவராது என்று அன்றைக்கே விளங்கிவிட்டது" என்கிறார். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமும் உண்டு. வலது கன்னத்தில் போர்க்காலத்து எறிகணைச் சிதறல் ஒன்று, ஒரு சிறிய செல் துண்டு, இருக்கிறது.

ஆவணியில் இளைய மகளுக்குக் கல்யாணம். படத்துக்கு நிற்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடாமல் நிற்க ஆசைப்படுகிறார். சுவிஸில் இருக்கும் மகன், "எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு எலும்பில் பதிக்கிற பல்லு வையுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வளைகிற செட் ஒன்று போட்டு, அதுதான் திறம் என்கிறார். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து அளவெடுக்கும் ஒருவர், இரண்டு நாளில் மேலும் கீழும் முழுச் செட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிச்சம் ஒன்பதையும் பிடுங்கிவிட்டு முழுச் செட் போடுவது புத்தியா, எந்த வகைச் செட் திறம், மேல் வேட்டைப்பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போகுமா, ஆவணிக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறார். சித்திரை கடைசியில் எழுதிய கடிதம் இது.

அம்மா, உங்கள் வாயைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். எக்ஸ்றேயும் என் கையில் இல்லை. ஆனால் எந்தப் பல் ஆடுகிறது, எது ஆடவில்லை என்று விரல் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நேரில் வருகிற பலர் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கீழே இருக்கிற ஆறு பல்லையும் முழுச் செட்டுக்காக யாரும் பிடுங்க விடாதீர்கள். எந்தச் செட் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கீழ்ப் பல் ஏன் அவ்வளவு முக்கியம்

மேல் முழுச் செட்டும் கீழ் முழுச் செட்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் குணம் வேறு. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காரும். இடையில் இருக்கிற மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால் அது கவ்விக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. அது குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு. நடுவில் நாக்கு ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும், வெளியே கன்னமும் உதடும் தள்ளும். உட்காரக் கிடைக்கிற இடமும் மேலே கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. என்னிடம் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கீழ்ச் செட்காரர்தான்.

இன்னொரு விசயம் எலும்பு. பல் இருக்கும் வரைதான் அதைப் பிடித்திருக்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆறு மாதம் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமல் கரையும். முழுச் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கீழ்த் தாடை மேல் தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. பிடிமானம் குறைந்த தாடைதான் கூடுதலாகக் கரைகிறது. இன்றைக்கு உங்கள் ஆறு பல்லையும் எடுத்தால் முதல் செட் ஓரளவு நிற்கும். 67 வயதில் போடுகிற செட் நிற்குமா என்பதுதான் என் கவலை.

2013இல் உங்கள் செட் கழன்றதற்கும் இதுதான் காரணம். பல் பிடுங்கி இரண்டு கிழமையில் எடுத்த அளவு, அடுத்த மாதமே இல்லாமல் போகிற முரசின் அளவு. முரசு வற்றியது, செட் அப்படியே இருந்தது, இடையில் இடைவெளி விழுந்தது. உட்புறத்தில் புது அக்ரிலிக் நிரப்பி முரசுக்குப் பொருத்தியிருந்தால் அது சரியாகியிருக்கும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் செட் ஒத்துவராது என்று அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அசைகிற கீழ் நடுப் பல் இரண்டையும் என்ன செய்வது? முதலில் முரசைச் சுத்தம் செய்து காறையை எடுத்துவிட்டு ஆறேழு கிழமை பார்க்க வேண்டும். சீனியும் கட்டுப்பட்டால் இலேசாக ஆடுகிற பல் சில சமயம் இறுகும். இறுகாவிட்டால் அந்த இரண்டை மட்டும் இழக்கலாம். மற்ற நான்கும் நிற்கும்.

ஒருவேளை பின்னொரு காலத்தில் எல்லாமே போகிற நிலை வந்தாலும், கீழ் வேட்டைப்பல் இரண்டின் வேரையாவது விட்டுவையுங்கள். வேருக்குள் சிகிச்சை செய்து, பல்லை முரசு மட்டத்துக்குக் கிட்டக் குறைத்து, அதன் மேல் செட்டை உட்கார வைக்கலாம். வேர் இருக்கும் வரை எலும்பும் இருக்கும். இப்படிக் கீழ் வேட்டைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களையும் எல்லாம் பிடுங்கியவர்களையும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1978இல் வந்தது. கீழ்த் தாடை முன்பகுதியில், வேர் இருந்தவர்களுக்கு எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீற்றர் குறைந்தது. எல்லாம் பிடுங்கியவர்களுக்கு 5.2 மில்லிமீற்றர். அந்த வேரையும் தினமும் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூத்தை பிடிக்கும்.

மேலுக்கு மட்டும் செட் போட்டால் போதாதா

நீங்கள் கேட்கவில்லை. ஆனால் காசை நினைத்து இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள், ஏனென்றால் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. "கீழே முன்பல் இருக்குத்தானே டொக்டர், மேலுக்கு மட்டும் கட்டிவிடுங்கோ."

மேலே முழுச் செட், கீழே முன்பல் ஆறு மட்டும் என்று விட்டால் கடிக்கிற பாரம் முழுவதும் முன்னுக்கே விழும். கீழ் முன்பல் மேல் செட்டின் முன்பக்கத்தைக் குத்திக்குத்தித் தள்ள, பின்பக்கம் அண்ணத்தை விட்டு இறங்கும். சில ஆண்டுகளில் மேல் முன் எலும்பு கரைந்து, அந்த இடத்து முரசு விரலால் தள்ளினால் அசைகிற சதையாகிவிடும். அதன் மேல் எந்தச் செட்டும் ஒழுங்காக உட்காராது. கீழ்க் கொடுப்புப் பக்கத்துக்கும் சேர்த்துச் செட் போட்டால் பாரம் பின்னுக்கும் பிரியும். ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டு: மேலுக்கு முழுச் செட், கீழுக்கு இரண்டு பக்கக் கொடுப்புப் பல்லும் உள்ள பகுதிச் செட். கீழ்ச் செட்டைத் தண்ணீருக்குள் போட்டு வைத்துவிட்டு மேலதை மட்டும் மாட்டிக்கொண்டு திரிகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கதை பழையபடிதான்.

எந்த வகை

விலை கூடினது திறம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரே பொருள் ஒரு வாய்க்குச் சரி, இன்னொரு வாய்க்குப் பிழை.

மேலுக்கு அக்ரிலிக் போதும். எல்லோரும் கட்டுகிற இளஞ்சிவப்புச் செட் அதுதான். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. முரசு வற்ற வற்ற உட்புறத்தை நிரப்பிப் பொருத்தலாம், உடைந்தால் ஒட்டலாம், இன்னொரு பல் போனால் அதையும் சேர்க்கலாம். மாறிக்கொண்டிருக்கிற வாய்க்கு அதுதான் ஏற்றது. குறை என்னவென்றால் கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தால் உடையும். அண்ணத்தை மூடுவதால் முதல் சில கிழமைக்குச் சாப்பாட்டின் சூடும் சுவையும் மங்கின மாதிரி இருக்கும்.

கீழுக்கு, ஆறு பல்லும் உறுதி என்று எக்ஸ்றே சொன்னால், நான் உலோகச் செட்டைத்தான் விரும்புவேன். கோபால்ட் குரோம் என்ற கலப்பு உலோகத்தில் வார்க்கிற சட்டம் அது. மெல்லியது, வளையாது. முக்கியமாக, அது முரசில் மட்டும் படுத்துக்கொள்ளாது. உங்கள் சொந்தப் பல்லின் மேல் சிறு தாங்கிகளை வைத்து, பாரத்தில் ஒரு பங்கைப் பல்லிடம் கொடுக்கும். அக்ரிலிக்கில் செய்த கீழ்ப் பகுதிச் செட், ஒழுங்கான தாங்கி இல்லாவிட்டால் மெல்ல மெல்ல முரசுக்குள் அமிழ்ந்து, பல்லின் அடிமுரசை உரித்துவிடும். உலோகச் செட்டுக்குக் காசு கூட, வார்க்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், பின்னால் பல் சேர்ப்பதும் இலகுவில்லை. அதனால் நடுப் பல் இரண்டின் கதை தெரியும் வரை கீழுக்கும் அக்ரிலிக்கில் ஒரு தற்காலிகச் செட் போட்டு, ஆறு மாதம் கழித்து உலோகத்துக்குப் போவது புத்தி. மகன் அனுப்புகிற காசுக்கு அது நல்ல செலவு.

வளைகிற செட் நைலான் வகைப் பொருள். கம்பி தெரியாது, முரசு நிறத்திலேயே பிடி இருக்கும், போட்ட அன்றைக்கு மிகச் சுகமாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்றிரண்டு முன்பல்தான் போயிருந்தது என்றால் அவர் சொல்வது அவருக்குச் சரி. உங்கள் கீழ்த் தாடையில் பின்னால் பிடிக்க ஒரு பல்லும் இல்லை. வளைகிற பொருளை அங்கே வைத்தால் கடிக்கிற நேரமெல்லாம் அதுவும் வளையும். அந்தப் பாரம் அவ்வளவும் முரசுக்கும் எலும்புக்கும் போகும். உட்புறம் நிரப்புவதும் திருத்துவதும் கடினம், பல ஆய்வுக்கூடங்கள் ஏற்காது. நான் உங்களுக்கு அதைக் கட்ட மாட்டேன்.

பக்கத்துப் பல்லைச் செதுக்கி ஒட்டுகிற பிரிட்ஜ் உங்கள் கணக்கிலேயே வராது. அதற்கு இடைவெளியின் இரண்டு பக்கமும் பல் வேண்டும்.

மகன் சொல்கிற பதியப் பல்

மகனைக் குறை சொல்ல மாட்டேன். எலும்பில் ரைற்றேனியம் திருகு பதித்து அதன் மேல் பல் கட்டுவது நல்ல சிகிச்சை. கீழே பல்லே இல்லாதவருக்கு வெறும் முழுச் செட்டைவிட, இரண்டு பதியம் வைத்து அவற்றில் கொழுவுகிற செட்டே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனால் அது பல் இல்லாதவருக்குச் சொன்னது. பதியம் வைப்பதற்காக ஆடாத பல்லைப் பிடுங்குவது, நிற்கிற பனையைத் தறித்துவிட்டுத் தந்திக் கம்பம் நடுகிற வேலை.

சீனி வருத்தக்காரருக்குப் பதியம் வைக்கவே முடியாது என்று நீங்கள் எழுதியிருப்பது பிழை. கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். கட்டுப்படாத சீனியும் புகையிலையும்தான் அதைக் கெடுக்கும். உங்களிடம் இப்போது இரண்டாவது நிச்சயமாக இருக்கிறது.

மகனுக்கு இதையும் சொல்லுங்கள்: அவர் லீவில் வந்து நிற்கிற மூன்று கிழமைக்குள் முடிகிற காரியம் இல்லை. பதித்த திருகை எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாகக் கீழே மூன்று மாதம், மேலே அதைவிடக் கூட. ஒன்றுக்கே லட்சக்கணக்கில் போகும். மேல் தாடைக்குக் குறைந்தது நான்கு வேண்டும். பிறகும் கொழுவி தேயும், திருகு தளரும். அந்தக் கொம்பனியின் சாமான் வைத்திருக்கிற டொக்டரிடம் ஆண்டுதோறும் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பது எனக்கு முன் உங்களுக்குத் தெரியும்.

கண்ணும் வேட்டைப்பல்லும்

பார்வைக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. பல் பிடுங்கிக் கண் போகாது. ஆனால் இந்தக் கதை வெறும் காற்றில் வந்ததும் இல்லை. மேல் வேட்டைப்பல்லின் வேர் நீளமானது. அது சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கி இமையையே மூடிவிடும். இன்னொன்று, முரசு வருத்தத்தால் பல்லை இழக்க வைப்பதும், கண்ணின் விழித்திரையைக் கெடுப்பதும் ஒரே சீனி வருத்தம். பல் பிடுங்கி ஒரு வருடத்தில் கண் மங்கினால் சனம் பல் டொக்டரைத்தான் திட்டும். ஒன்பது வருடச் சீனிக்கு நீங்கள் விழித்திரை பார்த்தீர்களா? இல்லையென்றால் இந்தச் சாட்டில் கண் கிளினிக்குக்கும் ஒரு நாள் போய்வாருங்கள்.

உங்கள் வேட்டைப்பல் ஆடவில்லை என்பதால் அதையும் உடனே எடுக்கச் சொல்ல மாட்டேன். வேரைச் சுற்றி எலும்பு இருந்தால், கீழ் வேட்டைப்பல்லுக்குச் சொன்னபடியே அதையும் குறைத்து மேல் செட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

செட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

வெற்றிலையைப் பற்றி எழுதிவிட்டு, "இதை மட்டும் விடச் சொல்ல வேண்டாம்" என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள். மன்னியுங்கள், சொல்லத்தான் வேண்டும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுகிற பெண்களையும் அது விடுவதில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரும், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, முரசு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, இதில் ஏதாவது இருந்தால் செட் கதையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். அந்த இடத்தைச் செட் மூடிவிட்டால் வலி வரும் வரை யாரும் காணமாட்டார்கள்.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னம் உள்ளே நார் மாதிரி இறுகி வாய் திறப்பது குறையும். உங்கள் கன்னத்துக் காயத் தழும்பும் அதைச் செய்யலாம். வாய் சரியாகத் திறக்காவிட்டால் அளவெடுக்கிற விதமே மாறும்.

செல் துண்டைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எங்கள் பக்கத்துத் தாடை எக்ஸ்றேக்களில் அப்படி வெள்ளைப் புள்ளிகள் புதுமை இல்லை. கன்னச் சதைக்குள் சும்மா கிடக்கிற துண்டு செட்டுக்குத் தடையில்லை. எக்ஸ்றேக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்லுங்கள்.

பல் பிடுங்க முதல், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி இரத்தச் சோதனை ஒன்று எடுங்கள். 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத பிடுங்கலை நான் தள்ளிவைப்பேன். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருமுறை போடுகிற குளிசையோ, இரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற குளிசையோ இருந்தால் பட்டியலைக் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மோட்டார் சைக்கிள்காரர்

ஒரு முழுச் செட்டுக்கு ஒழுங்காக ஐந்து தரம் போக வேண்டியிருக்கும். முதல் அளவு, அதை வைத்துச் செய்த தனித் தட்டில் திருத்தமான இரண்டாம் அளவு, மெழுகு வைத்துக் கடி உயரம், மெழுகிலேயே பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் செட். பிறகு புண் பட்ட இடத்தைச் சுரண்டிவிட இரண்டு மூன்று தரம். இரண்டு நாளில் தருகிறவர் இவற்றில் எதையெல்லாம் விடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வயதானவர் என்னிடம் வந்தார். கழற்றத் தேவையில்லாத நிரந்தரப் பல் என்று சொல்லி, இடைவெளியில் அக்ரிலிக்கை ஊற்றிப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். அடியில் சாப்பாடு அழுகி, நன்றாக இருந்த இரண்டு பல்லும் அதோடு போயின.

வாய்க்குள் கை வைத்துச் சிகிச்சை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். பதிவில்லாமல் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். பதிவு இலக்கம் கேட்பது மரியாதைக் குறைவில்லை, கேளுங்கள். தனியாரிடம் போனால் என்ன பொருள், எத்தனை பல், மொத்தக் காசு எவ்வளவு, பிறகு சுரண்டித் திருத்துவதும் அதற்குள் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கலும் முரசுச் சுத்தமும் இலவசம். முதல் போக வேண்டியது அங்கேதான். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு இருக்கிறது. செட் கட்டுகிற வசதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. அங்கேயே செய்வார்களா, வேறிடத்துக்கு எழுதித் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

ஆவணிக்குள் முடியுமா

முடியும், இந்த மாதமே தொடங்கினால். வைகாசியில் சீனிச் சோதனை, வாய்ப் பரிசோதனை, எக்ஸ்றே, முரசுச் சுத்தம். பொங்கல் கடையை நடத்திவிட்டே போகலாம், ஒரு கிழமையில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனியில் அளவுகள். மேலே பின்பக்க முரசு ஆறிப் பல வருடமாகிவிட்டதால் அந்த இடம் இனிப் பெரிதாக மாறாது. ஆடுகிற முன்பல் இரண்டையும் வைத்துக்கொண்டே அளவெடுத்து, செட் தயாரான பிறகு, அவற்றைப் பிடுங்கிய அன்றைக்கே போட்டுவிடலாம். பல்லில்லாமல் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை. அதை ஆடி நடுவில் வையுங்கள். ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டோம், சரி, பல் பிடுங்குவது அந்தக் கணக்கில் வராது. கல்யாணத்துக்கு இரண்டு நாளுக்கு முன் புதுச் செட் போட்டவர்கள், படத்தில் வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். உங்களுக்குக் குறைந்தது மூன்று நான்கு கிழமை பழக்கம் வேண்டும்.

இப்படிப் போட்ட செட் முன்பக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தளரும். அது பழுது இல்லை. தையில் போய் உட்புறத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். 2013இல் நடந்தது திரும்ப நடக்காமல் இருக்க இந்த ஒரு பயணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாட்களில் எச்சில் ஊறும், "ச", "த" எல்லாம் வழுக்கும். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். புதுப் பல்லு வந்தாலும் சொல்லு கொஞ்ச நாளைக்குப் போகும். பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். இடியப்பம், சோறு, மீன் என்று தொடங்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லுங்கள். புட்டும் எள்ளும் செட்டுக்கு அடியில் போய் உறுத்தும், கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடலாம். முழுச் செட்டின் கடிக்கிற பலம் சொந்தப் பல்லில் கால்பங்கு, அதற்கும் குறைவு. புழுக்கொடியல் இனி இடித்துத்தான். கச்சானைப் பற்றி வாக்குத் தர மாட்டேன். ஆனால் மூன்று மாதம் பழகிய பிறகு, ஒரு கொட்டையைப் பாதியாக்கிப் பின்பல்லுக்கு இடையில் வைத்துப் பாருங்கள்.

இரவில் இரண்டையும் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். இரவும் பகலும் போட்டால்தான் இறுக்கமாக நிற்கும் என்பது பிழையான எண்ணம். சீனி வருத்தக்காரருக்கு அப்படிச் செய்தால் அண்ணம் சிவந்து பூஞ்சணம் பிடிக்கும். மென்மையான பிரஷும் சவர்க்காரமும் போதும். பற்பசை செட்டைக் கீறும், கொதிநீர் அதைக் கோணலாக்கும். கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பேசின் ஒன்றை வையுங்கள், கைதவறினாலும் உடையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் காறை செட்டிலும் படியும். அக்ரிலிக் செட்டை வினாகிரி கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் கழரும், கத்தியால் சுரண்டாதீர்கள்.

கடைசியாக, அலுமாரிக்குள் இருக்கிற அந்தப் பழைய செட். அதை எறிந்துவிடாதீர்கள், வீட்டில் அரத்தால் தேய்த்துப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். கடதாசியோடு அப்படியே டொக்டரிடம் கொண்டுபோங்கள். அன்றைக்கு உங்கள் பல் என்ன நிறம், உதடு எவ்வளவு தூக்கி நின்றது என்று உங்களுக்கு நினைவில்லாததையெல்லாம் அது அவருக்குச் சொல்லும்.